சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? அமெரிக்கக் கல்லூரிகளில் ஹிஸ்பானிக் மாணவர்கள்

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் இளநிலை மாணவர்களில் நூற்றுக்கு 25 பேராவது ஹிஸ்பானிக் வம்சாவளியினராக இருந்தால் அதற்கு ஒரு தனிப் பெயர் உண்டு: 'ஹிஸ்பானிக் மாணவர்களுக்குப் பணியாற்றும் நிறுவனம்'. ஏழை மாணவர்கள் போதுமான அளவில் படிக்கிறார்கள், ஒரு மாணவருக்குக் கல்லூரி செலவிடும் தொகை குறைவு என்பதையும் காட்டிவிட்டால், கூட்டாட்சி அரசின் தனி நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். இப்படி ஏறத்தாழ 600 கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டிலுள்ள கல்லூரிகளில் இது ஐந்தில் ஒன்று. ஹிஸ்பானிக் இளநிலை மாணவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பது இவற்றில்தான்.

இந்தத் தகுதியில் ஒரு விஷயம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று சட்டம் கேட்கிறது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்று கேட்பதில்லை. நூற்றுக்கு 25 பேரைச் சேர்த்து அவர்களில் பாதிப் பேரை நடுவழியில் இழக்கும் கல்லூரிக்கும் இந்தப் பெயர் உண்டு, முக்கால்வாசிப் பேரைக் கரைசேர்க்கும் கல்லூரிக்கும் உண்டு. சேர்ப்பது வேறு, பணியாற்றுவது வேறு என்று அந்தத் துறையில் இருப்பவர்களே இப்போது வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

எண்களைப் பார்த்துவிடுவோம். 2010-இல் நான்காண்டுக் கல்லூரிகளில் முதன்முறையாக, முழுநேர மாணவர்களாகச் சேர்ந்தவர்களை ஆறு ஆண்டுகள் கழித்து எண்ணினார்கள். சேர்ந்த கல்லூரியிலேயே பட்டம் பெற்றவர்கள் ஆசிய மாணவர்களில் 74 விழுக்காடு, வெள்ளையரில் 64, ஹிஸ்பானிக் மாணவர்களில் 54. அதன் பிறகு எல்லா எண்களும் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. இடைவெளி மட்டும் மூடவில்லை. 25 வயதைக் கடந்தவர்களில் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் 2022 கணக்குப்படி வெள்ளையரில் 42 விழுக்காடு, ஹிஸ்பானிக் மக்களில் 21. இந்த 21 என்ற எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். வளர்ந்த பிறகு வேலை தேடி எல்லை கடந்து வந்த, அமெரிக்கப் பள்ளியையே பார்க்காத லட்சக்கணக்கானோரும் அதில் அடக்கம். முன்னே சொன்ன 54-க்கு அப்படி எந்தச் சமாதானமும் கிடையாது. அவர்கள் அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்ந்து, வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

'ஹிஸ்பானிக்' என்பது ஓர் இனத்தின் பெயரல்ல. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளோடு வேர் தொடர்பு உள்ளவர்களைக் குறிக்கும் நிர்வாகச் சொல். 'லத்தீனோ' என்றும் சொல்வார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் 6.21 கோடி, நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மெக்சிக்கோ வழிவந்தவர்களே பெரும்பான்மை. 1917-இலிருந்து அமெரிக்கக் குடிமக்களாக இருக்கும் போர்ட்டோ ரீக்கோ மக்களும், மயாமியில் வேரூன்றிய கியூபக் குடும்பங்களும், உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த எல் சால்வடோர்காரர்களும் ஒரே கட்டத்தில் டிக் அடிக்கிறார்கள். டெக்சாஸில் சில குடும்பங்கள் எல்லைக்கோடு அங்கே வருவதற்கு முன்பிருந்தே வாழ்கின்றன. ஆகவே 'ஹிஸ்பானிக் மாணவர்' என்று ஒருமையில் பேசுவதே ஒரு வசதிக்காகத்தான்.

பள்ளிக்கூட வாசல்

இன்றைய கல்லூரிச் சிக்கல் புரிய, பள்ளி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். கலிஃபோர்னியாவில் மெக்சிக்கப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆரஞ்சு கவுண்டியைச் சேர்ந்த மெண்டெஸ் குடும்பமும் வேறு சில குடும்பங்களும் வழக்குப் போட்டு, 1947-இல் மேல்முறையீட்டிலும் வென்றன. கறுப்பினக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் பிரித்து வைக்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகள் முந்தியது அது. தனிப் பள்ளி போனாலும் தனி நடத்தை போகவில்லை. பள்ளி வளாகத்தில் ஸ்பானிய மொழி பேசினால் அடி விழும். கணக்கு நன்றாக வரும் பையனையும் தச்சு வேலை, மோட்டார் ரிப்பேர் வகுப்புக்குத் தள்ளுவார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறித் தெருவுக்கு வந்தார்கள். லிங்கன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் சால் காஸ்ட்ரோ அவர்களோடு நின்றார், அதற்காகக் கைதும் ஆனார். எங்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யுங்கள் என்பது அந்தப் பிள்ளைகளின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று.

பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அந்தக் கோரிக்கை மெதுவாக நிறைவேறி வந்திருக்கிறது. 1990-இல் ஹிஸ்பானிக் இளைஞர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குப் பள்ளிப் படிப்பை முடிக்காமல் இருந்தார்கள். 2010-இல் அது 17 விழுக்காட்டுக்கு அருகே வந்தது, 2020-இல் 7 சொச்சம். கல்லூரியில் ஹிஸ்பானிக் இளநிலை மாணவர்கள் 2000-இல் சுமார் 14 லட்சம். இருபது ஆண்டுகளில் 35 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அமெரிக்க உயர்கல்வியின் அண்மை வரலாற்றில் இதற்கு ஈடான வளர்ச்சி வேறெந்தச் சமூகத்திடமும் இல்லை என்றே சொல்வேன். அந்த வளர்ச்சிக்குக் கல்லூரிகள் தயாராக இல்லை.

'வீட்டை விட்டு வா' என்ற கொள்கை

மாணவர்கள் ஏன் படிப்பைப் பாதியில் விடுகிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் நெடுங்காலம் ஆண்ட விளக்கம் வின்சென்ட் டின்டோ என்ற சமூகவியலாளர் 1975-இல் முன்வைத்தது. கல்லூரியின் படிப்பு வாழ்க்கையிலும் நட்பு வாழ்க்கையிலும் ஒரு மாணவர் எவ்வளவு கலக்கிறாரோ அவ்வளவு நிலைப்பார் என்பது அதன் சாரம். அதற்குள் இன்னொன்றும் இருந்தது: பழைய ஊர், பழைய உறவு ஆகியவற்றிலிருந்து மாணவர் ஓரளவு பிரிந்து வர வேண்டும். விடுதியில் தங்கி, சங்கங்களில் சேர்ந்து, மாலையில் நூலகத்தில் உட்காரும் பதினெட்டு வயது வெள்ளைக்கார மாணவருக்கு இது பொருந்தியிருக்கலாம்.

மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் பெண்ணுக்குப் பொருந்துமா? அவளுடைய அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மருத்துவமனைக்குப் போனாலும், வாடகை ஒப்பந்தம் வந்தாலும், தம்பியின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தாலும் மொழிபெயர்ப்பவள் அவள்தான். வாரத்தில் 25, 30 மணி நேரம் கடையில் வேலை செய்கிறாள். சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டு மின்கட்டணத்துக்குப் போகிறது. 'மிஹா' (என் மகளே) என்று அழைக்கும் அம்மாவை விட்டுவிட்டு வா, அப்போதுதான் நீ நல்ல மாணவி என்று கல்லூரி சொன்னால், அவள் கல்லூரியைத்தான் விடுவாள். இதைத் தமிழ் வாசகர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1990-களில் இந்தக் கொள்கையைக் கேள்வி கேட்டவர்களில் முக்கியமானவர் லாரா ரெண்டோன். டெக்சாஸின் எல்லையூரான லாரெடோவைச் சேர்ந்தவர், தாமே இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கியவர். புதிய மாணவர்களிடம் பேசிப் பேசி 1994-இல் அவர் எழுதியதன் சாரம் இது: குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர், நாம் முதல் பட்டதாரி என்கிறோமே அவர், தானாகப் போய்க் கலந்துவிட மாட்டார். 'உன்னால் முடியும், நீ இருக்க வேண்டிய இடம் இதுதான்' என்று கல்லூரிதான் முதலில் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதையும் முதல் சில வாரங்களுக்குள் சொல்ல வேண்டும். தன் இடத்தைப் பற்றிச் சந்தேகத்தில் இருக்கும் மாணவரின் தோளைத் தொட்டு ஓர் ஆசிரியர் பேசிய பேச்சு, வருடக் கணக்கில் நினைவில் நின்றதை அவர் மாணவர்களின் வாயிலிருந்தே கேட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் அன்புப் பேச்சு. எனக்கு அப்படித் தெரியவில்லை. தேடிப் போக வேண்டியது மாணவரா, கல்லூரியா என்பதில் பொறுப்பை அவர் கல்லூரியின் பக்கம் நகர்த்தினார். உதவி மையம் மூன்றாம் மாடியில் இருக்கிறது, வேண்டுமென்றால் வந்து கேட்கட்டும் என்ற ஏற்பாட்டில், எதைக் கேட்பது என்று தெரிந்தவர் மட்டுமே பயன்பெறுகிறார். அப்பாவோ அக்காவோ கல்லூரிக்குப் போன வீட்டுப் பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும்.

ஓட்டை எங்கெங்கே

படிப்பை விட்டவர்களில் பலர் ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்து விட்டவர்கள் அல்லர். ஒரு செமஸ்டர் பதிவு செய்யவில்லை, அடுத்ததும் போயிற்று, அவ்வளவுதான். அந்த ஒரு செமஸ்டர் எதனால் போயிற்று என்று பார்த்தால், காரணம் பெரும்பாலும் வெட்கப்படும் அளவுக்குச் சின்னது.

முதலில் பணம். ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையின் உச்சவரம்பு 2024-25-இல் ஆண்டுக்கு 7,395 டாலர். சமுதாயக் கல்லூரிக் கட்டணத்துக்கு அது போதும். வாடகை, பெட்ரோல், சாப்பாடு, புத்தகம் என்று வரும்போது போதாது. கடன் வாங்கிப் படி என்றால் பல ஹிஸ்பானிக் குடும்பங்கள் தயங்குகின்றன. கடன் வாங்காமல் வேலை நேரத்தைக் கூட்டுவது அவர்களுக்குப் பொறுப்பான வழியாகத் தெரிகிறது. வேலை நேரம் கூடினால் பாடங்கள் குறையும். பாடங்கள் குறைந்தால் நான்கு வருடம் ஏழு வருடமாகும். ஏழு வருடத்தில் ஒரு வீட்டில் என்னென்னவோ நடக்கும்.

அடுத்தது படிவம். கூட்டாட்சி அரசின் எந்த உதவியும் 'ஃபாஃப்ஸா' என்ற படிவத்தின் வழியாகத்தான் வரும். பெற்றோரின் வருமான விவரம் அதில் வேண்டும். மாணவி அமெரிக்காவில் பிறந்த குடிமகளாக இருப்பாள்; பெற்றோரிடம் குடியேற்ற ஆவணமோ அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணோ இருக்காது. அரசுப் படிவத்தில் அப்பாவின் பெயரையும் முகவரியையும் எழுதுவதே அந்த வீட்டில் பயம். அந்தப் பயத்தைத் தாண்டி எழுத உட்கார்ந்தவர்களுக்கு இன்னொரு சோதனை வந்தது. எளிமைப்படுத்தப்பட்ட புதிய படிவம் 2023 டிசம்பர் கடைசியில் வெளியானபோது, சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோர் இணையத்தில் அதை நிரப்ப முடியாத அளவுக்குப் பிழை. மாதக்கணக்கில் அது இழுத்தது. மற்றவர்கள் உதவித்தொகை எவ்வளவு என்று தெரிந்து கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் பருவத்தில் இந்தப் பிள்ளைகள் கணினித் திரையின் முன் காத்திருந்தார்கள்.

மூன்றாவது ஓட்டையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது உதவி என்ற பெயரில் வந்தது.

கல்லூரியில் சேரும் நாளில் ஒரு தேர்வு வைப்பார்கள். கணக்கிலோ ஆங்கிலத்திலோ குறைவாக வாங்கினால், கல்லூரிப் பாடத்துக்கு முன்னால் ஆயத்த வகுப்புகள் படிக்க வேண்டும். சில இடங்களில் ஒன்றல்ல, மூன்று படிகள். கட்டணம் உண்டு, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் என்ற பாடப் புள்ளி கிடையாது. கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் ஹிஸ்பானிக் மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் இங்கேதான் அனுப்பப்பட்டார்கள். அடித்தளத்தைப் பலப்படுத்துகிறோம் என்பது கல்லூரிகளின் நியாயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு வகுப்பிலும் பத்தில் ஏழு பேர் தேறுகிறார்கள், தேறியவர்களில் பத்தில் எட்டுப் பேர் அடுத்த வகுப்பில் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமான விகிதமில்லை. மூன்று ஆயத்தப் படிகளையும் தாண்டி நான்காவதாக உண்மையான கல்லூரிக் கணக்கை முடிப்பவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். யாரும் யாரையும் விரட்டவில்லை, ஆசிரியர்கள் நல்லவர்கள், மாணவர்களும் உழைத்தார்கள். ஆனாலும் 88 பேர் போய்விட்டார்கள்.

அந்த நுழைவுத் தேர்வைவிட உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களே மாணவரின் திறனை நன்றாகக் காட்டுகின்றன என்று ஆய்வுகள் சொல்லத் தொடங்கிய பிறகு, கலிஃபோர்னியா 2017-இல் ஏபி 705 என்ற சட்டத்தை இயற்றியது. பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்து நேராகக் கல்லூரிப் பாடத்தில் சேருங்கள், தடுமாறுகிறவர்களுக்குக் கூடவே துணை வகுப்பு வையுங்கள் என்றது. 2019-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் 23 வளாகங்களிலும் 2018-லேயே கிரெடிட் இல்லாத ஆயத்த வகுப்புகளைக் கைவிட்டிருந்தது. முதல் ஆண்டிலேயே கல்லூரித் தரக் கணக்கை முடித்தவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் கூடியது. நேரடியாகச் சேர்ந்து தோற்றவர்களும் கூடினார்கள்; ஆயத்தமே இல்லாத மாணவரை ஆழத்தில் தள்ளுகிறீர்கள் என்று கணக்கு ஆசிரியர்கள் சிலர் இன்னமும் வாதிடுகிறார்கள். தோற்றவருக்கு என்ன துணை கிடைத்தது என்ற அளவில் அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பலாம் என்ற அளவுக்கு எனக்கு அது போதவில்லை.

நான்காவது, கல்லூரி மாறுவது. ஹிஸ்பானிக் மாணவர்களில் பெரும் பகுதியினர் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில்தான் தொடங்குகிறார்கள்: வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு. அங்கே சேருகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் நான்காண்டுப் பட்டம் வரை போக வேண்டும் என்கிறார்கள். மூன்றில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். சமுதாயக் கல்லூரியில் தொடங்கியவர்களில் ஆறு ஆண்டுகளுக்குள் நான்காண்டுப் பட்டம் பெறுபவர்கள் நாடளவில் எல்லா இனத்தையும் சேர்த்து 16 விழுக்காடு. மாறியவரின் கிரெடிட்டுகளையும் புதிய கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. மாறும் மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டுகளை இழக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-இல் மதிப்பிட்டது. காசு கொடுத்துப் படித்து, தேறி, மதிப்பெண் வாங்கிய பாடங்கள் அவை. இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே, இரண்டாண்டுப் பட்டத்தோடு வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்ற ஏற்பாட்டைக் கலிஃபோர்னியா 2010-இல் சட்டமாக்கியது.

பலன் தந்தவை

1981-இல் கலிஃபோர்னியாவின் ஹேவர்ட் ஊரிலுள்ள ஷபோ சமுதாயக் கல்லூரியில் ஃபீலிக்ஸ் கலாவிஸ் என்ற ஆலோசகரும் பாட்ரீசியா மெக்ராத் என்ற ஆங்கில ஆசிரியையும் லத்தீனோ மாணவர்களின் பழைய பதிவேடுகளை எடுத்து வைத்துப் படித்தார்கள். படிப்பை விட்டவர்களிடம் பொதுவாகத் தெரிந்தவை இவை: ஆலோசகரிடம் போவதில்லை, கல்லூரித் தர எழுத்துப் பாடத்தை எடுப்பதில்லை, வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மூன்றையும் ஒன்றாகக் கட்டி அவர்கள் தொடங்கியதுதான் புவென்டே திட்டம். ஸ்பானிய மொழியில் 'பாலம்' என்று பொருள். ஒரே கூட்டமாக ஆண்டு முழுக்க ஆங்கில எழுத்து வகுப்பு. அந்த வகுப்பிலேயே ஆலோசகரும் இருப்பார். ஊரில் வேலை பார்க்கும் லத்தீனோ வழிகாட்டி ஒருவரும் துணைக்கு உண்டு. எழுதும் பொருள் தன் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வரும். ஆலோசகரைத் தேடிப் போகாதவர்களின் வகுப்புக்கே ஆலோசகர் வந்துவிட்டார் என்பதை நான் மிகவும் மெச்சுகிறேன். நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் கலிஃபோர்னியாவில் அந்தத் திட்டம் நடக்கிறது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் சமுதாயக் கல்லூரிகளில் 'அசாப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பட்டியலைப் பார்த்தால் புதிதாக எதுவும் தெரியாது. உதவித்தொகைக்கும் கட்டணத்துக்கும் இடையில் துண்டு விழுந்தால் திட்டமே கட்டும். புத்தகம் இலவசம். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் மாதாந்தரப் பயண அட்டை. முதல் ஆண்டு வகுப்புகளை ஒரே கட்டாக அமைத்துத் தருவார்கள், வேலைக்குப் போகிறவர் மீதி நேரத்தைத் திட்டமிடலாம். ஓர் ஆலோசகருக்கு 150 மாணவர்கள் அளவில். வழக்கமான ஏற்பாட்டில் அது 600-க்கும் மேல். மாணவர் செய்ய வேண்டியது: முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் பார்க்க வேண்டும். பயண அட்டை கையில் கிடைப்பதே ஆலோசகரைப் பார்த்த பிறகுதான்.

இதை எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் சோதித்தது. தகுதியுள்ள மாணவர்களில் ஒரு பாதியைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மறு பாதி வழக்கமான ஏற்பாட்டில். பங்கேற்றவர்களில் பெரிய பிரிவு ஹிஸ்பானிக் மாணவர்கள்தான். மூன்று ஆண்டுகள் கழித்து, திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றிருந்தார்கள், மற்றவர்களில் 22. இரு மாணவர் கூட்டத்துக்கும் இடையே வித்தியாசம் ஏதுமில்லை, குலுக்கல் ஒன்றைத் தவிர. நியூயார்க்கின் ரயில்களும் கூட்டமும் தனி, வேறு ஊரில் நடக்காது என்றவர்களுக்கு ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் பதில் சொல்லின: 35-க்கு 19. மாணவர் ஒருவருக்கு ஆகும் செலவு கூடுகிறது என்பது உண்மை. பட்டம் ஒன்றுக்கு எவ்வளவு ஆயிற்று என்று நியூயார்க்கில் வகுத்துப் பார்த்தால் செலவு குறைந்தது, ஏனென்றால் பட்டங்கள் அத்தனை கூடிவிட்டன.

அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் இதே இலக்கை வேறு பாதையில் போய்ச் சேர்ந்தது. 2003-இல் அங்கே பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கு 32 பேர். ஹிஸ்பானிக் மாணவர்களில் 22. மாணவர்களின் பழைய பதிவுகளை வைத்து, எந்த இடத்தில் சறுக்கினால் பின்னால் விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளை 2012 முதல் கணினி நாள்தோறும் பார்க்கிறது. தவறான பாடத்தில் பதிந்துவிட்டாலும், அடிப்படைப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தாலும் ஆலோசகர் அந்த வாரத்திலேயே கூப்பிடுகிறார். பலர் கணினியைத்தான் பேசுகிறார்கள். கூப்பிட ஆள் வேண்டுமென்று அந்தப் பல்கலைக்கழகம் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்ததைக் குறைவாகவே பேசுகிறார்கள்.

அங்கே செய்த இன்னொன்று எனக்கு இதைவிடப் பெரியது. ஒவ்வொரு செமஸ்டரிலும் சில நூறு டாலர் பாக்கிக்காகப் பதிவு ரத்தாகும் மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தார்கள். நல்ல மதிப்பெண், பட்டத்துக்கு இன்னும் ஓரிரு செமஸ்டர்தான். 2011 முதல் அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகமே கட்டுகிறது. விண்ணப்பிக்கச் சொல்வதில்லை, கணக்கைப் பார்த்து, 'உன் பாக்கியைக் கட்டிவிட்டோம், வகுப்புக்கு வா' என்று சொல்லிவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஹிஸ்பானிக் மாணவர்களின் பட்ட விகிதம் 50-ஐத் தாண்டி, பல்கலைக்கழகத்தின் சராசரிக்குச் சமமாக வந்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. மாணவர்களில் பாதிப் பேர் அளவுக்கு லத்தீனோக்களாக உள்ள கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், 2025-ஐ இலக்காக வைத்துப் பத்தாண்டு முயற்சி எடுத்தது. நான்காண்டுகளில் பட்டம் பெறுவோர் 19 விழுக்காட்டிலிருந்து 35 அளவுக்கு உயர்ந்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் லத்தீனோ, கறுப்பின, பழங்குடி மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய அப்படியே நின்றது. தண்ணீர் ஏறினால் எல்லாத் தோணியும் ஏறும், முன்னே போன தோணி முன்னேதான் இருக்கும்.

எண்ணப்படாதவர்கள்

நான் மேலே கொடுத்த பட்ட விகிதங்களிலேயே ஒரு குறை உண்டு. 1990-இன் கூட்டாட்சிச் சட்டப்படி கல்லூரிகள் வெளியிடும் விகிதம், முதன்முறையாக முழுநேரம் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. பகுதிநேர மாணவர் அதில் இல்லை. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்து பட்டம் வாங்கியவரும் இல்லை. கல்லூரி மாறிப் போனவர், போன இடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் பழைய கல்லூரிக்கு அவர் தோல்விக் கணக்கு. வேலை பார்த்துக்கொண்டு, விட்டு விட்டுப் படிக்கிறவர்கள் நிறைந்த எல்லையோரக் கல்லூரிகளை இந்தக் கணக்கு மோசமாகக் காட்டுகிறது.

எல் பாசோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தலைவராக 1988 முதல் 2019 வரை இருந்த டயானா நடலீசியோ இதை எதிர்த்து விடாமல் வாதாடினார். அவருடைய மாணவர்களில் பத்தில் எட்டுப் பேர் ஹிஸ்பானிக். அவர்களில் சிலர் மெக்சிக்கோவின் ஹுவாரெஸ் நகரிலிருந்து பாலத்தில் எல்லை கடந்து காலை வகுப்புக்கு வருகிறவர்கள். பட்டம் வாங்கி மேடையேறுகிறவர்களில் பெரும்பாலோர் அரசுக் கணக்கிலேயே வராதவர்கள் என்றார் அவர். சேர்க்கையைச் சுருக்கி, நன்றாகப் படிப்பவர்களை மட்டும் எடுத்தால் விகிதம் தானாக உயரும். அதைச் செய்ய அவர் மறுத்தார். ஊரிலிருந்து வருகிற எல்லாருக்கும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே, அவர் ஓய்வுபெற்ற ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சிக்கான உச்சத் தரவரிசையையும் அடைந்தது. அவரை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணுவது தவறு என்ற வாதத்துக்குப் பின்னால் மெத்தனமான கல்லூரிகளும் ஒளிந்துகொள்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017 முதல் பகுதிநேர, மாறுதல் மாணவர்களையும் சேர்த்த கணக்கு தனியாக வெளியாகிறது. அதையும் பார்க்கலாம்.

2025

1986-இல் சான் அன்டோனியோவில் 18 கல்லூரிகள் கூடித் தொடங்கிய சங்கம் கேட்டுக் கேட்டு, 1992-இல் சட்டம் 'ஹிஸ்பானிக் மாணவர்களுக்குப் பணியாற்றும்' கல்லூரிகளை அங்கீகரித்தது. 1998-இல் தனி நிதிப் பிரிவு உருவானது. அந்த நிதி ஹிஸ்பானிக் மாணவர்களின் பையில் போவதில்லை. பயிற்சி மையம், ஆலோசகர் சம்பளம், ஆய்வுக்கூடம் என்று கல்லூரிக்குப் போகிறது. அந்தக் கல்லூரியில் படிக்கும் யாரும் அதைப் பயன்படுத்தலாம்.

2025 ஜூனில் டென்னசி மாநிலமும், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைப் பார்ப்பதை எதிர்த்து 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்ற அமைப்பும் சேர்ந்து, 25 விழுக்காடு என்ற அளவுகோலே அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று வழக்குத் தொடுத்தன. இந்தத் திட்டத்துக்காக வாதாட மாட்டோம் என்று ஜூலையில் கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகமே சொல்லிவிட்டது. செப்டம்பரில், ஹிஸ்பானிக் கல்லூரிகள் உள்ளிட்ட சிறுபான்மையினர் கல்லூரிகளுக்கான நிதியில் சுமார் 35 கோடி டாலரைக் கல்வித்துறை நிறுத்தியது. டெக்சாஸில் வேறொரு கதவும் மூடியது. ஆவணமில்லாத மாணவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க 2001-இல் வழிசெய்த நாட்டின் முதல் மாநிலம் அது. 2025 ஜூன் 4 அன்று கூட்டாட்சி அரசு அதை எதிர்த்து வழக்குப் போட்டது, மாநில அரசு அன்றே ஒப்புக்கொண்டது, அன்றே நீதிமன்றம் சட்டத்தைத் தடுத்தது. பாதிப் படிப்பில் இருந்தவர்களுக்கும் கட்டணம் பல மடங்காயிற்று. இதைக் கொடுமை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அளவுகோலைப் பற்றி எனக்கும் மனக்குறை உண்டென்று முதலிலேயே சொன்னேன். சேர்க்கையோடு பட்டத்தையும் எண்ணுங்கள் என்பது என் குறை. நிதியை நிறுத்தியவர்கள் எதையும் எண்ணச் சொல்லவில்லை. ஓர் ஆலோசகருக்கு 150 மாணவர்கள் என்பது பணத்தால் மட்டுமே நடக்கும் காரியம். பணம் போனால் அது 600 ஆகும், ஆயிரம் ஆகும், எந்தக் கணினியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

போனவர்கள் திரும்பி வர முடியுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கல்லூரியில் கொஞ்ச காலம் படித்துப் பட்டமோ சான்றிதழோ இல்லாமல் வெளியேறியவர்கள் அமெரிக்காவில் மூன்றரைக் கோடிக்கும் மேல். திரும்ப வேறொரு கல்லூரியில் சேர வேண்டுமென்றால் பழைய கல்லூரியின் மதிப்பெண் பட்டியல் வேண்டும். பழைய பாக்கி இருந்தால் பட்டியல் தர மாட்டோம் என்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. நூலக அபராதமும் வண்டி நிறுத்திய அபராதமும் கூட அந்தப் பாக்கியில் சேரும். வேலை கிடைத்தால்தான் பாக்கி கட்ட முடியும், பட்டம் இருந்தால்தான் நல்ல வேலை, பட்டியல் இருந்தால்தான் பட்டம். பாக்கிக்காகப் பட்டியலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டம் போட்டது. 2020 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பட்டத்தில் முக்கால் பங்கான தொண்ணூறு கிரெடிட் முடித்து, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் படிப்பை நிறுத்திய ஒரு பெண் இப்போது பழைய கல்லூரிக்கு எழுதிக் கேட்டால், பாக்கி இருந்தாலும் அவர்கள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும்.